அசுரன் நின்ற ஆண்டுகள்

7.11.1992 – 1,000
12.3.1994 – 10,000
5.11.1994 – 300
18.3.1995 – 12,000
11.11.1995 – 7

ஓர் அசுரன் வரம் வேண்டி ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த ஆண்டுகளின் கணக்கு இது. சொன்னவர் ஸ்ரீலக்ஷ்மி மாமி. மந்தைவெளியில் ஒரு பஜனை மண்டலியின் முற்றத்தில், கீற்றுப் பந்தலின் கீழ், சனிக்கிழமை தோறும் கதை சொல்பவர். ஐந்து முறையும் அதே அசுரன், அதே கால். தேதி போட்டுக் குறித்து வைத்தவர் கிச்சா.

கிருஷ்ணசாமி என்ற பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. அறுபத்து மூன்று வயதிலும் மயிலாப்பூருக்கு அவர் கிச்சாதான். முப்பத்தோரு வருஷம் மழை அளக்கும் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்துக்கொண்டார். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர்கள் பக்கத்துக் கொடியில் ஈரப்புடவை உலர்த்திவிட்டார்கள். அன்றைய அளவைச் சிவப்பு மையால் அடித்து, எதிரே 'புடவை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டார்.

அப்படிப்பட்டவரால் ஏழு ஆண்டைத் தாங்க முடியவில்லை. கதை நடுவிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"மாமி, மார்ச்சுல பன்னீராயிரம்னு சொன்னேளே? இப்ப ஏழுங்கறேளே? எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எங்க குரு சொன்னார், எனக்குத் தெரியும். அவன் ஒத்தக்கால்ல ஏழு வருஷம் நின்னான். உங்களுக்கு ரெண்டு கால் இருந்தும் ஏழு நிமிஷம் உக்கார முடியலை. உக்காருங்கோ!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்த மனைவி கோமளம் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள்.

கிச்சா மறுநாளே மண்டலிச் செயலாளர் ராமபத்ரனுக்கு, அட்டவணை இணைத்து, மூன்று பிரதிகளில் கடிதம் எழுதினார். சரியான எண் எது என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் ராமபத்ரனின் மாப்பிள்ளை ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடத்த சனிக்கிழமைதான் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். 'ஆதாரமற்ற தகவல்கள் பற்றிய புகாரை முன்னிட்டு' கதை நிறுத்தப்படுவதாக அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார்கள். இறுதி முடிவு 3.12.1995 கமிட்டிக் கூட்டத்தில்.

"வாரத்துல அந்த ரெண்டு மணி நேரம்தான் நீங்க பேசறதைக் கேக்காம நிம்மதியா இருந்தேன். அதையும் கெடுத்தாச்சு" என்றாள் கோமளம். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. காபி டம்ளரை மேஜைமேல் வைக்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள்.

புகாரை வாபஸ் வாங்க கிச்சாவுக்கும் ஆசைதான். ஆனால் எண்கள் சரி என்று எழுத ஆதாரம் வேண்டுமே? தன்னையும் மாமியையும் விட்டால், எல்லாச் சனிக்கிழமையும் பந்தலில் இருந்த ஒரே ஆள் மைக் செட் மெஹபூப் பாஷா. அவர் கடைக்குப் போய் நோட்டை நீட்டினார்.

பாஷா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சாமி, இது கூடவா தெரியல? தூறல் வுழுந்தா நான் மாமிக்குக் கைய காட்டுவேன். ஆம்ப்ளிஃபயர் நனைஞ்சா ஷாக் அடிக்கும்ல? மாமி ஒடனே அசுரனக் கால எறக்கச் சொல்லிடும். மழ இல்லேன்னு வையி, அவன் பாட்டுக்கு நின்னுக்கினே இருப்பான்."

கிச்சா அந்த வயதில் அப்படி ஓடியதை மாட வீதி பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மழைப் பதிவேட்டைப் பிரித்தார். ஆயிரம் ஆண்டு சொன்ன மாலை இரண்டு மில்லிமீட்டர். முந்நூறுக்குப் பதினொன்று. ஏழுக்கு நாற்பத்தாறு. மார்ச் மாத நாட்கள் இரண்டிலும் சொட்டு இல்லை. மழை ஏற ஏறத் தவம் இறங்கியிருந்தது. வறண்ட நாட்கள் இரண்டுக்கும் நடுவே இடித்த இரண்டாயிரம் ஆண்டுக்கு மட்டும் 'அவதானிப்புப் பிழை' என்று அடிக்குறிப்பு போட்டுக்கொண்டார்.

கமிட்டியில் கிச்சா மழைக் கணக்கைப் படித்துக் காட்டியும் ராமபத்ரன் அசரவில்லை. "சார், ஒரே அசுரன், அஞ்சு கணக்கு. ஒண்ணு நிஜம்னா நாலு பொய்தானே?"

கிச்சா எழுந்தார். "மழை பெஞ்ச மறுநாள் பேப்பரைப் பாருங்கோ. நுங்கம்பாக்கம் நாப்பத்தாறு, மீனம்பாக்கம் பன்னெண்டுன்னு போடுவா. ரெண்டும் ஒரே ஊர், ஒரே மழை. எது பொய்? முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தர் வந்து என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை."

கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்ரீலக்ஷ்மி மாமி மெதுவாகச் சொன்னார்: "சாமிகளும் அப்படித்தான். ஒவ்வொரு கோயில்லயும் அந்தந்த சாமிதான் உலகத்தைப் படைச்சதா ஒரு கதை இருக்கு. நான் எல்லாத்தையும் சொல்றேன், எல்லாத்தையும் நம்பறேன். எந்தக் கோயில்ல நிக்கறேனோ அங்கே நனையறேன்."

"நனையறது என் ஆம்ப்ளிஃபயரு" என்றார் வாசலில் நின்ற பாஷா.

கமிட்டி சிரித்துவிட்டது. சிரித்த கமிட்டியால் ஒன்றையும் நிறுத்த முடியாது. மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மண்டலியின் கடிதம் 8.12.1995 அன்று வந்தது: கதை தொடரலாம், ஆனால் சர்ச்சையைத் தவிர்க்க, அசுரன் தவம் செய்த காலத்தை இனி 'நெடுங்காலம்' என்றே குறிப்பிட வேண்டும்.

கோமளம் அன்று காபியைக் கையிலேயே கொடுத்தாள். கிச்சாவுக்குத்தான் அது இறங்கவில்லை. ஜெயித்த வழக்கில் இப்படி ஒரு தண்டனை. 'நெடுங்காலம்' என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மூன்று மாதம் நோட்டைத் திறக்கவே இல்லை.

மார்ச்சில் அசுரன் கதை திரும்ப வரும் வாரம், மாமியிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது.

'கமிட்டி சொன்னபடி நெடுங்காலம் என்றுதான் இந்தச் சனிக்கிழமை சொல்லப் போகிறேன். உங்கள் நோட்டில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. சாயங்காலம் எவ்வளவு மழை என்று பார்த்துவிட்டு, அவன் எத்தனை ஆண்டு நின்றான் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போடுவது எதுவானாலும் எனக்குச் சம்மதம். யார் சொன்னது என்று கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.'

கிச்சா நோட்டைத் திறந்து முதலில் இதைக் குறித்துக்கொண்டார்: கடிதம் கைக்கு வந்து சேர்ந்தது 16.3.1996, சனிக்கிழமை, காலை 11.10.