மூடியைப் போட்டீங்களா?

க்ளட்ச் மாஸ்டருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு பாதி ஊருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். "க்ளட்ச்சை மிதி, க்ளட்ச்சை மிதி" என்று தெருவெல்லாம் போட்ட கூச்சலில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காரில் அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருந்தது. யார் என்ன தப்புச் செய்தாலும் தன் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது என்ற நினைப்பிலேயே வாழ்ந்த மனிதர். கார்க் கதவைத் திறந்து இறங்கிவிட்டால் அந்தப் பிரேக் செல்லாது என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம் க்ளட்ச் அல்ல, விளக்கு. சாவியைப் பாதி திருப்பச் சொல்வார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக எல்லா விளக்கும் எரியும்.

"எரியுதா? நல்லது. இப்போ ஸ்டார்ட் பண்ணு. அணைஞ்சுதா? அதுவும் நல்லது. அணையாம ஒண்ணு மட்டும் நின்னுச்சுன்னா வண்டி உன்கிட்ட என்னமோ சொல்ல வருதுன்னு அர்த்தம். காது குடுத்துக் கேளு."

ஊருக்கெல்லாம் காது கொடுக்கச் சொன்னவர், மனைவி சொல்வதை மட்டும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். அவர் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்பது ஒரே கேள்வி.

"மூடியைப் போட்டீங்களா?"

"என்னைச் சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்று எரிந்து விழுவார். விழுந்துவிட்டு, முணுமுணுத்தபடி இறங்கிப் போய்ப் பார்ப்பார். பாதி நாள் மூடி பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தமில்லாமல் இறுக்கிவிட்டு வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள்.

அவர்களுக்கு ஒரே மகன். அவன் தன்னோடு சேர்ந்து ஓட்டுநர் பயிற்சி நடத்துவான் என்று மாஸ்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவனுக்கோ ஸ்டியரிங்கை விட பானெட்டுக்கு அடியில்தான் மனசு. ஒரு மெக்கானிக் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்து, "இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவன் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன், மிதிக்கவில்லை. காய்கறி வாங்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அம்மாதான் பட்டறைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். பை காலியாகவே திரும்பி வந்தாலும் மாஸ்டர் கேட்டதில்லை.

பிறகு அவள் படுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த போது, "அவனுக்கு ஒரு ஃபோன் போடுங்க" என்றாள்.

"நாளைக்குப் போடலாம். இந்த நேரத்துல எதுக்கு அவனைப் பயமுறுத்தணும்?" என்றார் மாஸ்டர்.

கேட்க எவ்வளவு கரிசனமான பேச்சு! உள்ளே இருந்தது வெறும் வீம்பு. யார் முதலில் கூப்பிடுவது என்ற வீம்பு. அந்த அம்மாவுக்கு நாளை என்று ஒன்று வரவில்லை. மறுநாள் அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் மகன் ஓடி வந்தான். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அப்பாவிடம் சொன்னது ஒரே வார்த்தை.

"ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே."

அதோடு பேச்சு நின்றுபோனது. 'போட்டிருக்கணும்ப்பா, தப்புப் பண்ணிட்டேன்' என்பதுதான் அதற்குப் பதில். அந்தப் பதில் அன்றே மாஸ்டரின் தொண்டை வரை வந்தது. வந்தது அங்கேயே தங்கிவிட்டது.

மனைவி போன சில வாரங்களில் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. என்ஜின் படம் போட்ட விளக்கு. ஸ்டார்ட் செய்தாலும் அணையவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த தையற்காரி முதல் நாளே கேட்டுவிட்டாள்: "மாஸ்டர், ஒண்ணு மட்டும் நிக்குதே, அது என்ன சொல்லுது?" மாஸ்டருக்கு மூக்குடைந்தது.

ஒரு மெக்கானிக் சென்சார் போய்விட்டது என்று மாற்றினான். இரண்டு நாள் அணைந்திருந்து மறுபடி எரிந்தது. இன்னொருவன் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தான். மூன்றாவது ஆள் சைலன்சரைத் தட்டிப் பார்த்து, புகையை வடிகட்டும் பெட்டியே அவுட் என்று உதட்டைப் பிதுக்கினான். கார் என்னவோ வெண்ணெய் மாதிரி ஓடியது. விளக்கு மட்டும் போவேனா என்றது. புகைச் சோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு எரிகிற வண்டிக்குச் சான்றிதழ் தர மாட்டார்கள், சான்றிதழ் இல்லாமல் பயிற்சி நடத்த முடியாது. வேறு வழியே இல்லாமல்தான் மாஸ்டர் மகன் வேலை செய்யும் பட்டறைக்குக் காரை விட்டார்.

மகன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான்.

"எப்போலேர்ந்து எரியுது?"

"ஒரு மாசமா."

"இழுக்கும்போது திணறுதா?"

"இல்ல."

"பெட்ரோல் வாசனை வருதா?"

"லேசா. காலையில மட்டும்."

அப்பா என்றும் கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை. யாரையும் எப்படியும் கூப்பிடாமலே பேசி முடிக்க நம் பேச்சில் வசதி இருக்கிறது. அந்த வசதியை அவன் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டான். மாஸ்டருக்கு அது போதுமாக இருந்தது. அவன் குரல் காதில் விழுந்து எவ்வளவு நாளாயிற்று! வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

அவன் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைக் காரில் சொருகிப் பார்த்தான். நேரே பின்பக்கம் போய், பெட்ரோல் டேங்க் மூடியை ஒரு விரலால் தொட்டான். அது தானாகச் சுற்றியது.

"டேங்க்லேர்ந்து ஆவி வெளியே போகுது. அது காத்துல கலக்கக்கூடாது. அதான் வண்டி கண்டுபிடிச்சு விளக்கைப் போடுது. க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகணும்," என்றவன், ஒரு நொடி நிறுத்தி, "யாரும் சொல்லலையா?" என்றான்.

சொல்ல இருந்தவள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவன் ஸ்கேனரால் விளக்கை அழித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

புகைச் சோதனை தேறியது. சான்றிதழும் வந்தது. மாஸ்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி அந்தப் பட்டறைக்குப் போக என்ன சாக்கு? வாரம் முழுக்க யோசித்தவர், கடைசியில் பெட்ரோல் போட்டுவிட்டு மூடியை வேண்டுமென்றே ஒப்புக்கு வைத்துவிட்டு வந்தார். நரைத்த தலையோடு செய்கிற காரியமா இது? ஆனால் செய்தார். விளக்கு உடனே எரிந்துவிடவில்லை. ஓடி நின்று, ஓடி நின்று, சில நாள் கழித்துத்தான் எரிந்தது. அதுவரை தினமும் காலையில் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.

"எப்போலேர்ந்து எரியுது?"

"நேத்துலேர்ந்து."

அவன் மூடியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மூடியை இறுக்கினான். அடுத்த தடவை மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினான். அதற்கடுத்த தடவை மூடியையே மாற்றினான். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள், அதே பதில்கள். அந்தப் பதில்களுக்குப் பின்னால் அன்று தொண்டையோடு நின்றுபோன அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று மாஸ்டர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வருவார். பட்டறை வாசலில் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒருநாள் மகன் புகை மெஷினைக் கொண்டுவந்தான். மூடியை இறுக்கிவிட்டு, ஆவி போகிற குழாய்களுக்குள் வெள்ளைப் புகையை விட்டான். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை எட்டிப் பார்க்கும். அப்பாவும் மகனும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். எங்கேயும் வரவில்லை. வராது என்று இருவருக்கும் தெரியும்.

"எங்கேயும் கசியல."

"இன்னொரு தடவை பாரேன்."

அவன் மறுபேச்சு பேசாமல் இன்னொரு தடவை பார்த்தான். அவன் நெற்றியோரம் நரை ஒன்று தெரிந்தது. மாஸ்டர் புகையை விட்டுவிட்டு அதையே பார்த்தார்.

"உங்கம்மா அன்னிக்கு..." என்று தொடங்கினார்.

அவன் சட்டென்று எழுந்து போய்க் கம்ப்ரஸரைப் போட்டான். அந்த இரைச்சலில் யார் என்ன பேச முடியும்? நாலு டயருக்கும் காற்றுப் பார்த்தான். யாரும் கேட்காமலே முன் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். மாஸ்டர் கிளம்பும்போது வழக்கமில்லாத வழக்கமாக வாசல் வரை வந்து நின்றான். அவருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அடுத்த தடவை கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார்.

அடுத்த தடவை விளக்கு எரிய நாளெடுத்தது. எரிந்த அன்றே போனார். மகன் இல்லை. பட்டறையின் முதலாளியம்மா, கையில் கிரீஸோடு வெளியே வந்தாள்.

"மாஸ்டரா? அவன் போன வாரமே கிளம்பிட்டானே. கடல் தாண்டி வேலை கிடைச்சிருக்கு. போறப்போ உங்களுக்கு ஃபோன் போட்டிருப்பானே?"

"போட்டான், போட்டான்," என்றார் மாஸ்டர். "நான்தான்... மறந்துட்டேன்."

அந்த அம்மாள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். காரின் பின்பக்கம் போனாள். மூடியை க்ளிக் என்று சத்தம் வரும்வரை திருகினாள்.

"ஸ்கேனர் போட்டுப் பார்க்கலையா?"

"எதுக்கு? அவன்தான் சொல்லிட்டுப் போயிருக்கானே. 'எங்கப்பா வருவாரு. விளக்கு எரியும். மூடிதான் லூசா இருக்கும். ஏன்னு கேட்டுடாதீங்க. கொஞ்ச நேரம் நல்லாப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு இறுக்கி விட்டுடுங்க'ன்னான். எனக்கு அந்த நடிப்பெல்லாம் வராது மாஸ்டர்."

மாஸ்டர் காரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னான்?"

"மூடி லூசா இருக்கும்னு..."

"அது இல்லம்மா. மொதல்ல. மொதல்ல என்ன சொன்னான்?"

"எங்கப்பா வருவாருன்னான்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் உள்ளே போய் ஸ்கேனரை எடுத்து வந்தாள்.

"விளக்கை அழிச்சுடட்டுமா?"

"வேணாம். தானாப் போகட்டும்."

அவனுடைய புது நம்பரை அவளே அவர் ஃபோனில் ஏற்றிக்கொடுத்தாள்.

மூடி இறுகிவிட்டதால் அந்த விளக்கு சில நாளில் தானாக அணைந்துவிட்டது. இப்போதெல்லாம் மாஸ்டர் பெட்ரோல் போட்டால் க்ளிக் என்று சத்தம் வரும்வரை திருகுகிறார். வந்து உட்கார்ந்து, "போட்டாச்சு" என்று பக்கத்து சீட்டிடம் சொல்கிறார்.

காலையில் பாடத்துக்கு ஆள் வருமுன்பே ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்புகிறார். எல்லா விளக்கோடும் சேர்ந்து அந்த மஞ்சள் விளக்கும் எரிகிறது. ஸ்டார்ட் செய்யாத வரை அது எரிந்துகொண்டிருக்கும். மறு கையில் ஃபோன், அதில் மகனின் நம்பர். விரல் அதன் மேல் போகிறது. அங்கே இப்போது நடுராத்திரியாக இருக்கும், இந்த நேரத்தில் எதற்கு அவனைப் பயமுறுத்தணும், நாளைக்குப் போடலாம் என்று நினைத்துக்கொள்கிறார். நேற்றும் அப்படித்தான் நினைத்தார்.

தையற்காரி வந்து கதவைத் திறந்தாள்.

"மாஸ்டர், விளக்கெல்லாம் எரியுதே. நான் உக்காந்து ஸ்டார்ட் பண்ணவா?"

"பண்ணலாம்," என்றார் மாஸ்டர். "கொஞ்சம் இரும்மா."