ஷாமினி வாசிக்காமல் விட்ட செய்தி

கோலாலம்பூர் பங்சாரில் எங்கள் வானொலி நிலையத்தில் போர் ஒன்றுதான், செய்தி மூன்று. வளைகுடாவில் குண்டு விழுந்தால் ஆங்கிலச் செய்தி எண்ணெய் விலையில் தொடங்கும். மலாய்ச் செய்தியில் செத்துப்போன பிள்ளைகள் முதலில் வருவார்கள். தமிழுக்கு, நம்மவர்கள் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்பதுதான் பெரிய கவலை. யாரும் பொய் சொல்வதில்லை. எதை முன்னால் வைப்பது, எதை வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழ்ச் செய்தி வாசிக்கும் ஷாமினிக்கு வெட்டுவது நன்றாகவே கைவந்தது. அவள் தம்பி குகன் எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போய், அந்தக் கடலில்தான் இருந்தான். கிள்ளானில் இருக்கும் அம்மா தாயம்மாள், மகள் வாசிப்பதைத் தவிர வேறு செய்தி கேட்பதில்லை என்று ஷாமினி நம்பினாள். அதனால் கப்பல்கள் தாக்கப்பட்ட நாட்களில் அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டு, பேச்சுவார்த்தை தொடர்கிறது என்று இனிமையாக வாசிப்பாள். கூட வேலை செய்யும் எனக்கு எரிச்சலாக வரும். கப்பலில் பிள்ளை இருப்பது இவள் வீட்டில் மட்டுமா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வராது.

ஒரு மதியம் விளம்பரம் நீண்டுவிட, போர்ச் செய்தி முழுவதையும் தூக்கிவிட்டோம். உண்மையில் அன்று அதுவரை கடலில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஷாமினி வாசித்துவிட்டு வெளியே வந்ததும் அம்மாவின் பக்கத்து வீட்டு இராஜம்மா போன் செய்தார்.

"ஷாமினி, ஒங்கம்மா ரேடியோவ அடைச்சிட்டு தரையில உக்காந்துட்டாங்க. குகன் போயிட்டான்னு அழுவுறாங்க!"

"ஐயோ, ஒன்னும் ஆவல ஆன்டி! யாரு சொன்னா?"

அம்மா போனைப் பிடுங்கினார். "நீதான் சொன்ன. மலாய் நியூஸ்ல கப்பல் எரியுதுன்னு சொல்லுவானுங்க. நீ அத மட்டும் விட்டுட்டுப் படிப்ப. நீ எத விடுறியோ அதுக்குத்தான் நான் பயப்படுவேன். இன்னைக்கு சண்டையவே மொத்தமா விட்டுட்டியே!"

ஷாமினி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று சாயங்காலம் நிஜமாகவே ஒரு கப்பல் தாக்கப்பட்டது. குகனின் போனுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. ஷாமினி அதையே முதல் செய்தியாக வைத்தாள். எண்ணெய்க் கப்பல் ஒன்று எரிகிறது, ஊழியர் சிலரைக் காணவில்லை, கப்பலின் பெயர் இன்னும் தெரியவில்லை. ஒரு வரியையும் விடவில்லை.

அம்மா போனில் கூப்பிட்டார். "முழுசா படிச்சியா?"

"முழுசா படிச்சேம்மா. எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."

"சரி, சோறு ஆக்கி வச்சிருக்கேன். வேல முடிஞ்சதும் நேரா வந்துரு. தனித்தனியா பயந்தது போதும்."