எங்கள் ஓடையில் செஞ்சேறு

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். ஈரச் செம்மண் வாசம் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எழுபதுகளில், பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ஓர் ஓடை இருந்தது. அதன் கூழாங்கல் இடுக்குகளில் மீன்கள் முட்டையிடும், நண்டுகள் ஒளிந்திருக்கும், நாங்கள் கல்லைப் புரட்டும் சத்தமும் என் அக்கா ஸ்டெல்லாவின் சிரிப்பும் சாயங்காலம் முழுக்கக் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் மேலேயிருந்து செஞ்சேறு இறங்கி இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அக்காவும் தேங்காய்ச் சிரட்டையால் வாரி வாரிக் கரையில் கொட்டினோம். அடுத்த மழை அதைத் திரும்ப நிரப்பியது. மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"எவன் மண்ண வெட்டி விடுதான்னு பாப்போம், வா ஏட்டி!" என்று அக்கா சிரட்டையை எறிந்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஓடையோரமாகவே மேலே ஏறினாள். புதுத் தேயிலை நடுவதற்காகக் காட்டை அழித்து, சரிவு முழுவதையும் பெண்கள் கொத்திக்கொண்டிருந்தார்கள். திட்ட வாயைத் திறந்த அக்கா அப்படியே நின்றாள். முதல் வரிசையில், முட்டிவரை செம்மண்ணோடு எங்கள் அம்மா.

"ஏட்டி, குடிக்கத் தண்ணி கொண்டாந்தியா?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

அக்கா காலடியில் கிடந்த மண்கட்டியை ஆத்திரத்தோடு எட்டி உதைத்தாள். அது சரிவில் உருண்டு, ஓடையில் போய் விழுந்தது.