அத்தியாயம் முடிந்ததால் பிழைத்தேன்

மகன் மஸ்கட் போனபின், கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்து வீட்டில் நான் தனி. வீட்டில் ஒரு பேச்சுக்குரல் வேண்டுமே! காப்புரிமை முடிந்த பழைய நாவல்களை ஆர்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து, சந்தா இல்லாமல் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் போனில் இறக்கி, நாள் முழுக்கச் சத்தமாக ஓடவிடுவேன். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, முடிந்ததும் நின்றுவிடும். அது எனக்கு எரிச்சல்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். காலை ஊன்ற முடியவில்லை. எவ்வளவோ கத்தியும் யாரும் வரவில்லை. அத்தியாயம் முடிந்து போன் அடங்கிய பிறகுதான், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பின்வாசல் வழியே ஓடி வந்தார்.

"கதையில ஆரோ கூப்பிடுகான்னுல்லா நெனச்சேன் மக்கா!"

இப்போதெல்லாம் குளிக்கப் போகுமுன் கதையை நிறுத்திவிடுகிறேன். அந்த அமைதிதான் இன்னும் பழகவில்லை.