உடைக்க மறந்த குப்பி

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைக் கொதிகலன் என்றுதான் சொல்வோம். பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. அடித்தளத்தில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் இயந்திரத்தோடு பத்தொன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிற அம்மாள். கோபமும் அந்த இயந்திரத்துக்கு இணையாக ஏறும். அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

நான் மூன்றாம் மாடியில், நுண்ணுயிர்ச் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் தினமும் ஒரு பொது வேலை உண்டு. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே ஒரு காகிதத் துண்டில் லட்சக்கணக்கான பாக்டீரியா வித்துகள் உறங்கும். பக்கத்திலேயே மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் அவற்றுக்கான ஆகாரம், ஊதா நிறத்தில். கருவிகளோடு குப்பியையும் வேகவைத்து, ஆறவிட்டு, அழுத்திக் குழலை நொறுக்க வேண்டும். ஆகாரம் வித்துகளின் மேல் கொட்டும். பிறகு ஒரு நாள் என் அறைச் சூட்டுப் பெட்டியில் வைத்தால், வித்து பிழைத்திருந்தால் ஊதா மஞ்சளாகும். எல்லாம் செத்திருந்தால் ஊதாவாகவே இருக்கும், கருவிகளும் சுத்தம் என்று அர்த்தம். அவர் நொறுக்கி வைப்பார், மறுநாள் நான் நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

சும்மா இருந்தவரைப் பயமுறுத்தியதும் நான்தான். டீ குடிக்கும்போது அறிவியல் செய்தி சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். செத்ததுபோல் கிடக்கும் வித்துகள் உண்மையில் கணக்கு வைக்கின்றன என்று படித்திருந்தேன். ஆகாரம் லேசாகப் பட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் உள்ளே சேமித்த மின்னூட்டத்தில் கொஞ்சம் குறையுமாம். போதுமான தடவை பட்டதும் விழித்துக்கொள்ளுமாம். பெருமையாகச் சொன்னேன். கொதிகலன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அது தூங்கல. காத்துட்டு இருக்கு," என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவருடைய மூத்த ஓரகத்திக்கு, கணவரின் அண்ணன் மனைவிக்கு, எங்களிடம் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ கொதிகலனைக் காட்டி என்ன வேலை என்று கேட்க, ஓரகத்தி நாலு பேர் முன்னால், "ஆஸ்பத்திரியில பாத்திரம் தேய்க்கிறா," என்று சொல்லிவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர் அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை நிறம் பார்த்தேன். ஊதா. கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் கொதிகலன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. அழிப்பதற்காக நான் கீழே திருப்பி அனுப்பியிருந்த குப்பியை என் மேஜைமேல் வைத்தார்.

"உள்ள பாரு. நொறுங்கவே இல்ல."

கண்ணாடிக் குழல் முழுசாக இருந்தது. ஆகாரம் வித்துகளைத் தொடவே இல்லை. தொடாதபோது ஊதாவாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? நிறத்தைப் பார்த்த நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முந்தின நாள் குப்பியை ஆறவைத்த நேரத்தில் ஆபரேஷன் பட்டியல் வந்ததாம். ஓரகத்தியின் பெயரைப் பார்த்ததும் கொதித்துப்போய், நொறுக்காமலே பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்தக் கருவிகள்தான் அவள் முழங்காலுக்குள் போயின.

குப்பையில் போட்டால் விஷயம் நம் இருவரோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வேணும்னே செஞ்சேன்னு குடும்பமே சொல்லும். அத விடு. எனக்கே அந்தச் சந்தேகம் வந்துடுமே," என்றார் கொதிகலன்.

குப்பியை எடுத்து அழுத்தினார். நறுக்கென்றது. பெட்டிக்குள் வைத்துவிட்டு இருவரும் போய் மேலதிகாரியிடம் சொன்னோம். அதே தடவை வேகவைத்த கருவிப் பொட்டலங்களில் மிச்சமிருந்தவற்றைத் திரும்ப வாங்கினார்கள். புண்ணில் கிருமி சேர்ந்தால் தெரிய நாளாகும், கவனமாகப் பார்ப்போம் என்றார் டாக்டர். வார்டில் தானே விஷயத்தைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். கொதிகலன் மறுத்துவிட்டார். டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்று, ஒன்று விடாமல் தானே சொன்னார்.

ஓரகத்தி போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட முழங்காலைப் பார்த்தாள்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"சரி. நாளைக்கு என்ன நிறம்னு வந்து சொல்லு."

மறுநாள் ஊதா. ஆனாலும் குப்பியை எடுக்கக் கொதிகலன் விடவில்லை. தாமதமாக விழிக்கிறது ஏதாவது இருந்தால் என்று என் செய்தியையே எனக்குத் திருப்பிச் சொன்னார். ஒரு வாரம் வைப்பதென்று முடிவானது. மூன்றாம் நாள் ஓரகத்திக்குக் காய்ச்சல் அடித்தது. ரத்தம் சோதனைக்கு என்னிடம்தான் வந்தது. கொதிகலன் சோறு இறங்காமல் என் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவை நான் வெளியே வரும்போதும் என் வாயைத்தான் பார்ப்பார். எனக்கே வெளியே வரப் பயமாகிவிட்டது. ஐந்து நாள் பார்த்தோம், ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. காய்ச்சல் அதற்கு முன்பே தணிந்திருந்தது. ஏழாம் நாளும் குப்பி ஊதாதான். தினமும் அவர் வார்டுக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவார். வேறு பேச்சு இல்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்க நர்ஸ் கத்தரிப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஓரகத்தி காலை இழுத்துக்கொண்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"இந்தக் கத்தரி யாரு அனுப்புனது?" என்று கேட்டாள். "கீழ என் ஓரகத்தி இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து வெட்டு."