அக்கா பிழைத்த படம்

மதுரைப் பக்கம் வந்து ஏழு வருஷமாகியும் எனக்கு ஒரு விஷயம் பழகவில்லை. இங்கே படம் பார்ப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. திரையில் ஒருத்தி ஏமாறப் போனால் பெண்கள் பகுதியிலிருந்து "அவன நம்பாதடி!" என்று சத்தம் போகிறது. இலங்கையில், தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஹட்டனில் சிங்களப் படத்துக்குப் போனால் நாங்கள் மூச்சு விடமாட்டோம். பாதி வசனம் புரியாது, பக்கத்திலிருப்பவரிடம் கேட்கவும் பயம்.

எங்கள் அக்கா செல்லம்மாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஒரு படம் முழுக்க அம்மாவின் காதில் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். பிழைப்புக்காகத் தம்பி கடல் தாண்டிப் போய்விடுகிறான். அக்கா நோயில் படுக்கிறாள். கடைசியில் தம்பி டாக்டரோடு வந்து சேர, அக்கா கண் திறக்கிறாள். அம்மா தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பும்வரை அழுது சிரித்தாள். அடுத்த வருஷம், இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட காகிதங்கள் வந்தன. அக்கா குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, எனக்கும் அம்மாவுக்கும் இந்தியா. ஹட்டன் ஸ்டேஷனில் அக்கா என் கையை விடவில்லை. "அந்தப் படத்துல மாதிரி வந்துருவதானே?" என்றாள். வருவேன் என்றேன். கொட்டாம்பட்டி பக்கத்து நூல் மில்லில் வேலை பார்ப்பவன் எங்கே போவது?

இந்த ஆடியில் அங்கே தமிழர் வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று ரேடியோ சொன்னது. அக்காவிடமிருந்து கடிதம் நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் டீக்கடைச் சுவரில் ஒரு பழைய தமிழ்ப் படத்தின் போஸ்டர் ஒட்டினார்கள். கதையைக் கேட்டால் அதே கதை.

"இது எங்க சிங்களப் படத்தைப் பார்த்து எடுத்தது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டீ மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, நான் டவுசர் போட்ட காலத்துல வந்த படம்ணே இது. உங்காளுகதான் நம்மகிட்டக் காப்பியடிச்சிருக்காங்க."

இந்தியாக்காரன் என்று எங்களைத் துரத்தியவர்கள் இங்கே எனக்கு 'உங்காளுக' ஆகிவிட்டார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குச் சொல்லாமல் மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், மூலப்படம்தான் உசத்தி. நடிப்பில் மிகையில்லை, பாட்டுகள் இடம் பார்த்து வருகின்றன. ஒரு காட்சிகூட மாறாமல் அப்படியே எடுத்த சிங்களக்காரர் முடிவை மட்டும் மாற்றியிருக்கிறார். தமிழில் தம்பி வந்து சேரும்போது அக்காவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயாகிவிட்டது. அதுதான் நியாயமான முடிவு என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் தமிழில் எடுத்தவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "நம்ம படம் இங்க ஓடுதாமே தம்பி, கூட்டிட்டுப் போ" என்றாள். படத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று புளுகினேன். 'இரண்டாவது வாரம்' என்று போஸ்டரில் ஒட்டியிருப்பதை யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் தடுப்பு. கடைசிக் காட்சியில் அந்தப் பக்கம் ஒரே அழுகை. அதில் அம்மாவின் குரல் எது என்று தேடித் தேடிக் கேட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்தபோது அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கொட்டாம்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "படத்துக்கா போயிட்டு வாரீக?" என்று பேச்சுக் கொடுத்தாள். அம்மா கதை சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு எங்கள் அக்கா அவள் காதில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. கடைசியில் தம்பி டாக்டரோடு வந்தான், அக்கா கண் திறந்தாள்.

"இல்லையே ஆத்தா, நானும் பாத்தேனே. அந்தக்கா செத்துல்ல போகும்?" என்றாள் அந்தப் பெண்.

அம்மா அவளை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க செத்துட்டா தாயி. எங்க ஊருல உசுரோட இருக்கா."