இடப்பக்கம் திரும்பிய நாக்கு

மண்டையோட்டின் அடியில், காதுக்குச் சற்று உட்புறமாக, கிழிந்த ஓட்டை போல ஒரு துளை உண்டு. மூளையிலிருந்து வரும் ஒன்பது, பத்து, பதினொன்றாம் நரம்புகள் அதன் வழியாகத்தான் கழுத்துக்கு இறங்குகின்றன. பன்னிரண்டாவது அதற்குப் பக்கத்திலேயே தனித் துளையில் வருகிறது. முப்பது வருடம் மருத்துவக் கல்லூரியில் இதைத்தான் பாடம் நடத்தினேன். தொண்டையின் உணர்ச்சி ஒன்பதாவதுக்கு, குரலும் விழுங்குவதும் பத்தாவதுக்கு, தோளைத் தூக்குவது பதினொன்றாவதுக்கு, நாக்கு பன்னிரண்டாவதுக்கு. பன்னிரண்டாவது கெட்டால் நீட்டிய நாக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பது வாய்மொழித் தேர்வில் என் வழக்கமான கேள்வி. கெட்ட பக்கமாகவே திரும்பும். தடுமாறிய பிள்ளைகளை மாடு மேய்க்கப் போகச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்று, பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மனைவியின் மாந்தோப்புக்கு வந்தபோது அந்தத் திமிரும் கூடவே வந்தது. தோப்பைப் பார்த்துக்கொண்டது அவளுடைய தம்பி. பத்தாம் வகுப்பில் தோற்றவன், மனைவியை இழந்தவன், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தான். வியர்வையும் பூச்சிமருந்து வாடையுமாக வந்து என் எதிரே சாப்பிட உட்காருவான். எனக்கு அவனைக் கண்டாலே இளப்பம்.

மா பூக்கும் காலத்தில் எங்கள் பக்கத்துத் தோப்புகள் எல்லாவற்றிலும் மருந்தடிப்பார்கள். அந்த மாதங்களில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் அது நோயில்லை, மருந்துக் காற்று. கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி குழாயைப் பிடிப்பார்கள். என் மைத்துனனுக்கு அந்த வருடம் குரல் கட்டியபோதும் அப்படித்தான் நினைத்தார்கள். இடது காதில் என்னவோ துடித்துக்கொண்டே இருக்கிறது என்றான். மருந்தடிக்கும் மோட்டாரின் இரைச்சல் என்றார்கள். இடது தோள் இறங்கியது. மருந்துக் குழாயைச் சுமந்த தோள் என்றார்கள். படிக்காதவர்கள் அப்படிச் சொன்னதில் தவறில்லை. நானும் அதையே சொன்னேன்.

"மேஸ்திரி வாயத் தொறந்தா பூ கொட்டிப்போகுமின்னு பேசறதே இல்லீங்க" என்று வேலையாட்கள் அவனைக் கேலி செய்வார்கள். அவனும் சத்தமில்லாமல் சிரிப்பான்.

அறுவடை தொடங்கியபோது பேச்சும் குழற ஆரம்பித்தது. அதற்குள் குரல் வெறும் காற்றாகியிருந்தது. ஒருநாள் மதியம் தண்ணீர் குடித்தவனுக்குப் புரையேறி மூக்கு வழியாக வந்தது. மேசையெல்லாம் தெறித்தது. என் தட்டிலும்.

"மத்தியானமே கள்ளுஷாப்புக்குப் போயிட்டு வந்தாச்சா மாப்ளே?" என்றேன்.

"இல்லீங் மாமா. நான் எப்பங் குடிச்சேன்? தண்ணி எறங்க மாட்டேங்குதுங்."

"தண்ணி குடிக்கக்கூட வகுப்பு எடுக்கோணுமா உனக்கு?"

மனைவி குறுக்கே வந்தாள். "ஏனுங்க, அவனய ஒருக்கா பாருங்களே. நீங்க காலம்பூரா படிச்சது இந்தத் தொண்டையும் நாக்குந்தானுங்க?"

"நான் படிச்சது மனுசனோட தொண்டை. அவனுக்குப் பின்னாடி கொட்டகையில சோறு வை. அங்க இருமட்டும்."

இதைச் சொன்னவன் நான்தான். கோபத்தில் வாய் தவறி வந்ததல்ல. அந்த வாக்கியம் எனக்கு அப்போது நன்றாக இருந்தது. மறுநாளிலிருந்து அவன் மாங்காய்ப் பெட்டிகள் அடுக்கிய கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டான். என் மேசை சுத்தமாயிற்று.

'ஆ' சொல்லு, நாக்கை நீட்டு, தோளைத் தூக்கு. அவ்வளவுதான் சோதனை. அரை நிமிடம் கூட ஆகாது, கருவி எதுவும் வேண்டாம். பாடம் செய்த பிணங்களின் கழுத்தைப் பிரித்து அந்த நான்கு நரம்புகளையும் இடுக்கியால் தூக்கிக் காட்டியவன் நான். உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தவனின் வாயைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. தேர்வில் என் முன் தடுமாறிய பிள்ளைகளாவது வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று.

கடைசி லாரி போன சாயங்காலம் எதையோ தேடிக் கொட்டகைக்குப் போனேன். கனிந்து உடைந்த மாம்பழம் ஒன்றைப் பிழிந்து தின்றுகொண்டிருந்தான். இப்போதெல்லாம் இறங்குவது அதுதான் என்பது போல மெதுவாக. சாறு மணிக்கட்டில் வழிந்தது. அதை நக்க நாக்கை நீட்டினான். நாக்கு இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பாதி சூம்பிச் சுருங்கியிருந்தது.

நான் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

"மாப்ளே, இன்னொருக்கா நாக்கை நீட்டு."

அவன் பயந்துபோனான். "குடிக்கலீங் மாமா. சத்தியமா குடிக்கலீங்" என்று அந்தக் காற்றுக் குரலில் சொன்னான். நான் வாயை முகர்ந்து பார்க்க வந்திருப்பதாக நினைத்திருக்கிறான்.

மறுநாள் காலை கோயம்புத்தூர். மண்டையோட்டின் அடியில் அந்தத் துளைக்குள் கட்டி வளர்ந்து, பக்கத்துத் துளையையும் நெருக்கியிருந்தது. கட்டியின் ரத்த ஓட்டத்தைத்தான் அவன் காதில் கேட்டிருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை, எடுத்துவிடலாம், ஆனால் அந்தப் பக்கத்து நரம்புகள் திரும்பாது என்றார் அறுவை மருத்துவர். முன்பே வந்திருந்தால் என்று தொடங்கியவர், என்னிடம் படித்தவர் என்பதால், பாதியில் நிறுத்திக்கொண்டார். முன்பே வந்திருந்தாலும் எல்லாம் மிஞ்சியிருக்காது. நாக்காவது மிஞ்சியிருக்கலாம். அது எனக்குத் தெரியும்.

இப்போது அவனுக்குத் தண்ணீர் கூடாது. கூழ், குழைத்த சோறு, மாம்பழச் சாந்து. விழுங்கும்போது தலையைத் தாழ்த்தி இடப்பக்கம் திருப்ப வேண்டும். கெட்ட பக்கம் மடங்கி மூடிக்கொள்ள, உணவு நல்ல பக்கமாக இறங்கும். இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது மருத்துவமனைப் பெண் ஒருத்தி. நான் அங்கே நின்று கவனித்துக்கொண்டேன்.

மறுபடி மேசையில்தான் சாப்பிடுகிறான். முதல் நாள் கொட்டகைக்கே தட்டை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான். மனைவி பிடித்து உட்கார வைத்தாள். என் நாற்காலியை அவனுக்கு இடப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவன் முகம் என் பக்கம் திரும்புகிறது. கண்ணுக்குக் கண் பார்த்துத்தான் விழுங்குகிறான்.

"அந்தப் பக்கம் உக்காருங் மாமா. இருமுனா உங்க தட்டுல தெறிக்கும்" என்றான் நேற்றும்.

"தெறிக்கட்டும். நீ மெதுவா முழுங்கு மாப்ளே" என்றேன்.